சோற்றைக் குறைக்கத் துணை வேண்டும்

மாப்பொருளைக் குறைத்து உண்ணும் முறையைத் தொடங்குபவர்கள் அதை இடையில் கைவிடாமல் தொடர்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எமது நிர்வாக சபையினர் கேட்டிருந்தனர். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்தபின் கீழ் மண்டபத்தில் கூடும் எமது சிறு குழுவின் புத்தகத்தை வைத்திருப்பவன் என்ற முறையிலும், இது பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தேடி வாசிப்பவன் என்ற முறையிலும் சில விடயங்களை இங்கு தருகிறேன்.

முதலில், இது ஏன் எமது விடயம் என்பதைச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். வெள்ளையர் 40 வயதிலிருந்து கவனிக்க வேண்டிய இந்த நோயை எம்மவர் 25 வயதிலிருந்தே கவனிக்க வேண்டும். அதாவது இது தாத்தா, பாட்டிமாரின் வருத்தம் மட்டுமல்ல; பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் விடயமும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய மக்களைப் பொறுத்தவரை உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று குறிப்பிட்டது. 5 அடி 6 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 65 கிலோ. இந்த மண்டபத்தில் 65 கிலோவை "மெலிவு" என்று சொல்பவர்களே அதிகம். கையும் காலும் மெல்லியதாக, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளி நிற்கும் உடம்பு எம்மவரிடம் சாதாரணம். அந்த வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் ஆபத்தானது. கண் பார்வை, சிறுநீரகம், கால் விரல்கள் என்று அது பிறகு எதைக் கேட்கும் என்பதை எம்மில் பலர் சொந்த வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

ஒரு நாளின் வரவுக் கணக்கு

மாப்பொருள் என்று நான் சொல்வது பாடசாலையில் நாம் படித்த காபோவைதரேற்றுத்தான். சோறு, மா, பாண், கிழங்கு, சீனி, பழச்சாறு எல்லாம் அதற்குள் அடக்கம். வயிற்றுக்குள் போனபின் இவை பெரும்பாலும் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்குள் வருகின்றன.

எம்மவர் ஒருவரின் சாதாரண நாளொன்றை எடுத்துக் கணக்குப் பாருங்கள். காலையில் 3 துண்டுப் பாண், 45 கிராம். மதியம் 300 கிராம் சோறு, ஏறக்குறைய 84 கிராம். பின்னேரம் இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் 4 மாரி பிஸ்கற்றும், 28 கிராம். நாள் முழுவதும் குடிக்கும் மற்ற 3 தேத்தண்ணியில் 24 கிராம். இரவில் 100 கிராம் அரிசி மாவில் அவித்த புட்டு, 80 கிராம். மொத்தம் 261. இதில் வாழைப்பழமும் இல்லை, பிறந்தநாள் கேக்கும் இல்லை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைந்தால்தான் அது மாப்பொருள் குறைந்த உணவு என்று இந்நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே எமது வேலை, வரவை அரைவாசியாக்குவது.

குரக்கன் பற்றி ஒரு வார்த்தை. "நான் சோறு விட்டிட்டன், இப்ப குரக்கன் புட்டுத்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலர். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள் உண்டு. நார்ச்சத்து அதிகம், சத்தும் அதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் அளவில்லாமல் உண்ணலாம் என்று நினைப்பவரின் கணக்கு சரிவராது. சிவப்பு அரிசிக்கும் இதே விதிதான்.

அப்படியானால் எதை உண்பது? எமது சமையலே பதில் தரும். பயற்றங்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய், பாவற்காய், கோவா, கீரை, வல்லாரைச் சம்பல், முட்டை, மீன், கோழி, தயிர். கறிகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கோப்பையில் சோற்றின் இடத்தையும் மரக்கறியின் இடத்தையும் மாற்றிக்கொண்டால் போதும். செவ்வாய், வெள்ளி மரக்கறி உண்ணும் வீடுகளுக்குத்தான் சிரமம் கூட. மச்சம் இல்லாத நாளில் கை தானாகவே சோற்றுப் பக்கம் போகும். அந்த நாட்களுக்கென்று ரோஃபு, பனீர், சோயா, கச்சான், அளவான பருப்பு ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் நெய்யும் மாப்பொருள் குறைந்தவை என்பதற்காக அள்ளி ஊற்றக் கூடாது. கொலஸ்ரோல் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

மருந்து எடுப்பவர்கள் இதைத் தவறாமல் வாசிக்கவும்

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிலசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரிடமோ தாதியிடமோ கேளாமல் மாப்பொருளைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலும் சோறு புதிய அளவிலும் இருந்தால் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். விரத நாட்களுக்கும் இது பொருந்தும். டப்பாகிளிபுளோசின், எம்பகிளிபுளோசின் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. குளுக்கோஸ் அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். கர்ப்பிணிகள், முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக எதையும் தொடங்க வேண்டாம். எமது குழுவில் சேருபவர் முதல் நாள் கொண்டுவர வேண்டியது தன் மருந்துப் பட்டியலை. அதை நாம் திருத்துவதற்காக அல்ல. எந்த மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்று அடையாளமிட்டுக் கொடுப்பதற்காக.

தெரிந்தும் ஏன் முடிவதில்லை?

இதுவரை எழுதியவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். சோற்றைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லாத நீரிழிவுக்காரர் எமக்குள் யார்? அறிவு குறைவில்லை. குறைவது வேறொன்று.

எங்கள் மொழியில் "சாப்பிட்டியளோ?" என்பதே சுகம் விசாரிப்பது. ஒரு வீட்டுக்குப் போய் வைத்த உணவைத் தொடாமல் வந்தால் அந்த வீட்டாரை மதிக்கவில்லை என்று பொருள். சோறு குறைத்து உண்பவரைப் பார்த்து "ஏன், கறி உறைப்போ?" என்று கேட்பார்கள். நாலு கிலோ நிறை குறைந்தால் அதைவிட மோசம். "என்ன, கன்னம் ஒட்டிப்போச்சு, ஏதும் வருத்தமோ?" என்று அன்போடு கேட்கும் ஒரு மாமி, மூன்று மாத முயற்சியை ஒரு நிமிடத்தில் குலைத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்மில் பலர் பசியைக் கண்டவர்கள். 2009இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் எங்களோடு அமர்ந்து உண்கிறார்கள். அவர்களுக்குச் சட்டி நிறைந்த சோறு என்பது உணவு மட்டுமன்று, அது பயம் நீங்கியதற்கான அத்தாட்சி. அப்படியானவரிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து "சோற்றைக் குறையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்த வார்த்தையை அதே வரிசையில் நின்ற இன்னொருவர் சொன்னால் அதற்கு வேறு பொருள்.

கூட்டு முயற்சி பற்றி அறிந்தவை

2018இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் கொழுப்புக் குறைந்த உணவிலும் மற்றப் பகுதியினரை மாப்பொருள் குறைந்த உணவிலும் 12 மாதங்கள் வைத்தார்கள். முடிவில் இரு பகுதியினரும் சராசரியாக 5 முதல் 6 கிலோ வரை குறைந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஆளுக்காள் வித்தியாசம் மிகப் பெரிது. சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலர் கூடினார்கள். இரு பகுதியினருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, ஆண்டு முழுவதும் நடந்த 22 குழு வகுப்புகள். மாப்பொருள் குறைப்பது ஒன்றே வழி என்று வாதாடுபவர்கள் இந்த ஆய்வை அவ்வளவாக விரும்புவதில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, எந்த முறை என்பதைவிட அதில் எவ்வளவு காலம் நிற்கிறோம் என்பது பெரிய கேள்வி என்பதே. பிரித்தானிய அரசின் ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையும், இரண்டாம் வகை நீரிழிவுக்காரரில் மாப்பொருள் குறைந்த உணவின் நன்மை முதல் 6 மாதங்களில் தெரிவதாகவும், ஓராண்டுக்குப் பின் மற்ற முறைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்றும் கூறுகிறது. அந்த 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் பலர் மெல்ல மெல்லப் பழைய கோப்பைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் சவுத்போட் நகரில் டேவிட் அன்வின் என்ற குடும்ப வைத்தியர் 2012ஆம் ஆண்டளவில் தன் நோயாளருக்கு மாப்பொருள் குறைந்த உணவைப் பரிந்துரைக்கத் தொடங்கினார். தனித்தனியாகப் பார்ப்பதோடு நில்லாமல், மாலை நேரங்களில் அவர்களை ஒன்றாகவும் கூட்டினார். அவருடைய மனைவி ஓர் உளவியலாளர்; குழு நடத்துவதில் அவர் பங்கு பெரிது. 150 கிராம் பாஸ்மதிச் சோறு ஏறக்குறைய 10 தேக்கரண்டி சீனிக்குச் சமம் என்று படம் போட்டுக் காட்டியவர் இந்த வைத்தியர்தான். 2023இல் வெளியான அவரது மதிப்பீட்டின்படி, இம்முறையைத் தேர்ந்தெடுத்த 186 பேரில் 51 சதவீதமானோர் மருந்தின்றி நீரிழிவு தணிந்த நிலைக்கு வந்தனர். நோய் கண்டு ஓராண்டுக்குள் தொடங்கியவர்களில் அது 77 சதவீதம். அவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள், ஒப்பிடுவதற்கு வேறு குழு இருக்கவில்லை என்பதையும் கணக்காளன் என்ற முறையில் குறிப்பிட வேண்டும். நோய் புதிதாகக் கண்டவர் "இன்னும் மோசமாகட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது என்பது அதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

குழு என்ற யோசனை வைத்தியர்களிடமிருந்துதான் வந்தது என்றும் இல்லை. நியூயோர்க்கில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி 1961இல் நகரச் சுகாதாரப் பகுதியின் சிகிச்சை நிலையத்துக்குப் போய் உணவுத் திட்டம் ஒன்றைப் பெற்றார். நிறையும் குறைந்தது. ஆனால் ஒளித்து பிஸ்கற் உண்ட கதையை அங்கிருந்த அம்மையாரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தன்னைப்போல் உடல் பருத்த ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். 1963இல் அது "வெயிற் வோச்சேர்ஸ்" என்ற பெரிய நிறுவனமாயிற்று. நிறுவனம் பின்னால் வியாபாரமானது வேறு கதை. மேலிருப்பவரிடம் மறைப்பதை ஒத்தவரிடம் சொல்லலாம் என்ற அந்த முதல் மாலைதான் எமக்கு வேண்டியது.

எமது குழு எப்படி நடக்கிறது

குழு சிறிதாக இருக்க வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டால் நல்லது. அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள்.

நிறை பார்ப்பது மறைவில், புத்தகத்தில் எழுதுவது அவரவர் விருப்பப்படி. உரத்து வாசிப்பதில்லை. எமது சமூகத்தில் ஒருவருடைய நிறை அன்று இரவே மூன்று வீடுகளுக்குத் தொலைபேசியில் போய்விடும் என்பது யாவரும் அறிந்ததே. உரத்துச் சொல்வது செய்கையை மட்டும்: "இந்தக் கிழமை ஐந்து இரவு புட்டை விட்டேன், இரண்டு இரவு முடியவில்லை." நிறை எம் கையில் இல்லை; இரவுக் கோப்பை எம் கையில் உண்டு.

ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு காசேடு உண்டு. உண்டதை உண்ட உடனே எழுத வேண்டும். இரவில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு எப்போதும் குறைந்தே வரும். விரலில் குத்திப் பார்க்கும் அளவு சில்லறைக் காசேடு போன்றது, மணிக்கு மணி மாறும். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ஐந்தொகை போன்றது. கடந்த 2, 3 மாதங்களின் நிலையைக் காட்டும். அது 48க்குக் கீழ் (பழைய அளவில் 6.5 சதவீதம்) மருந்தில்லாமல் 3 மாதம் நின்றால் நோய் தணிந்த நிலை என்கிறார்கள். தணிந்தது என்றால் போய்விட்டது என்று பொருளல்ல. ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

அடுப்படியில் நிற்பவர் குழுவில் இல்லாவிட்டால் எதுவும் நடவாது. கணவன் மட்டும் வந்து அமர்ந்து தலையாட்டிவிட்டு, மனைவியிடம் இரண்டு சமையல் கேட்பது எந்த விதத்தில் நியாயம்? சமைப்பவரும் வர வேண்டும், அல்லது வருபவர் சமைக்கப் பழக வேண்டும். எமது குழுவில் இரண்டு ஐயாமார் இப்போது கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிறார்கள். ஒருவருடையது நன்றாகவே இருக்கும். இரவு வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு வேறு பிரச்சினை. விடிகாலை 2 மணிக்குப் பெற்றோல் நிலையத்தில் கையில் அகப்படுவது மாவும் சீனியும் மட்டுமே. அவித்த முட்டையும் கச்சானும் கட்டிக்கொண்டு போவதை நினைவூட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் வேலைக்குப் புறப்படுமுன் அழைக்கிறார்கள். பேச்சு ஒரு நிமிடம்தான்.

எப்போது மனம் தளரும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் குழுவின் வேலை. முதற்கிழமையில் இரண்டு கிலோ சட்டென்று இறங்கும். மாப்பொருள் குறைந்ததும் உடம்பு சேமித்து வைத்திருந்த கிளைக்கோசன் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் வெளியேறுகிறது. குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அந்த நாட்களில் தலையிடியும் மலச்சிக்கலும் வரலாம்; தண்ணீரும் மரக்கறியும் கூட்டினால் பெரும்பாலும் தணியும். மூன்றாம் கிழமையில் தராசு அசையாது. "இவ்வளவு பட்டும் ஒன்றுமில்லையே" என்று ஆட்கள் விட்டுவிடுவது அப்போதுதான். முதற்கிழமையின் தண்ணீர்க் கணக்கை விளங்கியவர் மூன்றாம் கிழமையில் ஏமாற மாட்டார். பிறகு மூன்று, நான்கு மாதமளவில் இன்னொரு சோர்வு வரும். அப்போது நிறையை விட்டு வேறு எதையாவது அளப்பது நல்லது: வேட்டியின் சுற்று, மாடிப்படி ஏறும் மூச்சு, குறைந்த மாத்திரை.

ஒருவர் இரண்டு வெள்ளி தொடர்ந்து வராவிட்டால் அழைக்க வேண்டும். இதில் நாம் ஒரு விதி வைத்திருக்கிறோம். அழைப்பவர் உணவைப் பற்றிக் கேட்கக் கூடாது. போன ஆண்டு தீபாவளிக்குப் பிறகு ஓர் அண்ணர் வரவில்லை. பலகாரத்தில் தொடங்கி, கலியாண வீடு ஒன்றில் தொடர்ந்து, மூன்று கிழமையில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாம். முகம் காட்ட வெட்கம். கோயிலுக்கே வருவதை நிறுத்திவிட்டார். குழுவில் உள்ள ஒரு அக்கா அழைத்து, "அண்ணை, கதிரை அடுக்க ஆள் காணாது, வாங்கோ" என்று மட்டும் சொன்னார். வந்து கதிரை அடுக்கினார். அடுத்த வெள்ளி அமர்ந்தார். அந்த மூன்று கிழமையில் அவருடைய காலில் ஒரு புண் வந்திருந்ததை அன்றுதான் தாதியாக வேலை செய்யும் எமது அங்கத்தவர் கண்டு, மறுநாள் காலையிலேயே வைத்தியரிடம் அனுப்பினார். விரல் தப்பியது. இதை அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

ஆலயத்தில் உணவு

பிரசாதத்தை மறுப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மறுக்கத் தேவையில்லை. பிரசாதம் வயிறு நிறைப்பதற்காகத் தரப்படுவதல்ல. ஒரு விரல்நுனிச் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டால் குறைவு எதுவுமில்லை. கிண்ணம் நிறையப் போட்டுத் தருவது எமது பழக்கம், முருகனின் கட்டளை அல்ல. அன்னதானத்திலும் சிறு மாற்றங்கள் செய்யலாம். மரக்கறிகளை முதலில் பரிமாறி, சோற்றைக் கடைசியில் கேட்டுக் கேட்டு வைக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நாள் மோதகத்துக்குப் பதிலாகக் கடலைச் சுண்டல் செய்யலாம். அதிலும் மாப்பொருள் உண்டென்றாலும் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் குளுக்கோஸ் மெதுவாகவே ஏறும். மடைப்பள்ளிப் பொறுப்பாளருடன் இது பற்றிப் பேசியிருக்கிறோம். வரும் திருவிழாவின் முதல் மூன்று நாட்களும் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். பரிமாறுவதற்கு இளைஞர்கள் தேவை.

குழுவில் சேர விரும்புவோர் எந்த வெள்ளிக்கிழமையும் பூசை முடிந்து கீழ் மண்டபத்துக்கு வரலாம். மருந்துப் பட்டியலையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுவரவும். வீட்டில் சமைப்பவரையும் கூட்டி வரவும். சந்தா எதுவும் இல்லை.